2018: பதிவானவையும் பதிவாகாதவையும்

ஆண்டின் கடைசி வாரத்தில், அவ்வாண்டு என்னை விடாமல் பிடித்துவைத்திருந்த பாடல்களையும் இசைத்தொகுப்புகளையும் பற்றி இங்கே எழுதுவது நான்கைந்து ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. விடுதித் தோழியர் சிலருக்காகத் தொடங்கிய பட்டியல் இது. இப்போது டிசம்பர் பிறந்ததுமே தொலைவிலிருக்கும் நண்பர்களும் ஆசிரியர்கள் சிலரும் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். வழக்கம்போல இதுவும் தரவரிசை அன்று. எதற்கும் மதிப்பெண் இல்லை. இசை விமர்சனம் என் துறையும் அன்று. பகலில் பழைய இசைத்தட்டுகளின் வரலாற்றைப் படித்து, இரவில் புதிய பாடல்களைக் கேட்கும் ஓர் ஆய்வு மாணவியின் விருப்பங்கள் மட்டுமே இவை.

இவ்வாண்டு பட்டியலை எழுத உட்கார்ந்தபோது ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. 'இந்த ஆண்டின் பாடல்' என்று நாம் சொல்லும்போது, ஒலிப்பதிவு செய்யப்பட்டு, வெளியிடப்பட்டு, நம் கைப்பேசிவரை வந்து சேர்ந்த பாடலை மட்டுமே சொல்கிறோம். தமிழில் 'பதிவு' என்பது விரிந்த சொல். பாட்டைப் பதிகிறோம், பத்திரத்தைப் பதிகிறோம், முகநூலில் எழுதுவதையும் பதிவு என்கிறோம். மூன்றுக்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. பதிந்தது பிற்காலத்தில் சான்றாக நிற்கும். பதியாதது, நடந்ததா என்றே ஐயுறப்படும். இவ்வாண்டு எனக்குப் பிடித்தவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை பதிவுக்கும் பதிவின்மைக்கும் இடையிலான எல்லைக்கோட்டில் நிற்பதைக் கண்டேன். ஆகவே இந்தப் பட்டியலை அந்தக் கோணத்திலேயே எழுதுகிறேன்.

இந்தக் கோணம் என் ஆய்வுப் பொருளிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தபோது, பாடகி கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவித்தார். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் அச்சாக வேண்டியிருந்தன. அங்கே வேலை செய்தவர்களுக்கு எது யாருடைய பாட்டு என்று தெரிய இந்த அறிவிப்பு உதவியது. தொழிற்சாலையின் தேவைக்காகச் சொன்ன பெயர், நூறாண்டு கடந்தும் அவர் குரலிலேயே நமக்குக் கேட்கிறது. அக்காலத் தென்னிந்தியத் தட்டுகளிலும் சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி என்று ஊரும் பெயரும் சேர்ந்து நிற்கக் காண்கிறோம். அந்தப் பெயர்களைப் படிக்கும்போதெல்லாம், கருவிக்கு முன்னால் வந்து நிற்க வாய்க்காத குரல்கள் எத்தனை இருந்திருக்கும் என்ற எண்ணம் எழாமல் இருப்பதில்லை. இவ்வாண்டின் பாடல்களையும் அந்த எண்ணத்தோடுதான் கேட்டேன்.

1. கீழ்ப்பாக்கம், ஜனவரி 6

ஆண்டின் முதல் வாரத்திலேயே ஆண்டின் மிகப் பெரிய இசை நிகழ்வு நடந்துவிட்டது என்பது என் எண்ணம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு, பத்தொன்பது பேர். கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில் ஒலித்தன. குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெறப்பட்டது.

நான் தில்லியில் மடிக்கணினித் திரையில்தான் பார்த்தேன். உடன் அமர்ந்திருந்தவர்கள் பீகாரையும் கேரளத்தையும் சேர்ந்த தோழியர். இட ஒதுக்கீடு பற்றிய 'கோட்டா' பாடலை அவர்களுக்கு அடியடியாக மொழிபெயர்க்கத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் அதற்குத் தேவையில்லாமல் போயிற்று. 'தகுதி' என்ற சொல்லை எங்கள் வளாகங்களில் எந்தத் தொனியில் உச்சரிப்பார்கள் என்பது மூவருக்கும் தெரியும். மார்ச் மாதத்தில், ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டைத் துறைவாரியாகக் கணக்கிடச் சொல்லும் பல்கலைக்கழக மானியக் குழுவின் சுற்றறிக்கை வந்தது. ஒரு துறையில் பணியிடங்கள் இரண்டோ மூன்றோதான் என்றால் ஒதுக்கீட்டின் சுழற்சி பட்டியலினத்தவரையும் பழங்குடியினரையும் எட்டவே எட்டாது. அன்றிரவு விடுதியில் அந்தப் பாடலை மீண்டும் ஒலிக்கவிட்டோம். பீகாரிலிருந்து வந்த தோழி அதற்குள் பல்லவியை மனப்பாடம் செய்திருந்தாள்.

என் கோணத்துக்கு வருகிறேன். கானா என்பது சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்பவர்களின் பாட்டு. வடசென்னையின் உழைக்கும் மக்கள் தம் இறந்தவர்களை வழியனுப்பும் முறை அது. திரைப்படம் அதன் தாளத்தையும் துள்ளலையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பாடியவர்களைப் பெரும்பாலும் வெளியிலேயே நிறுத்தியிருந்தது. இந்த மேடையில் பாடியவர்கள் தம் பெயரோடு நின்றார்கள். அவர்களுள் ஒரே பெண்ணாக நின்றவர் இசைவாணி. ஆண்களின் பாட்டு என்றே கருதப்பட்டுவந்த கானாவை அவர் பாடத் தொடங்கியதும் எங்கள் அறை அமைதியானது நினைவிருக்கிறது.

2. 'பரியேறும் பெருமாள்'

சந்தோஷ் நாராயணனுக்கு இது மிகப் பெரிய ஆண்டு. 'காலா', 'பரியேறும் பெருமாள்', 'வடசென்னை' ஆகிய மூன்றும் இதே ஆண்டில் வந்தன. மூன்றுமே ஓர் இடத்தின் ஒலியைத் தேடிச் சென்றவை. தாராவிக்காக அங்கேயே வாழும் ராப் பாடகர்களைப் பாடவைத்தார். வடசென்னைக்காகக் கானாப் பாடகர்களைத் தேடிப் போனார். மூன்றில் என்னோடு தங்கிவிட்டது செப்டம்பர் இறுதியில் திரைக்கு வந்த மாரி செல்வராஜின் படம்.

'கருப்பி' பாடலைக் கேட்காதவர்களுக்காக ஒரு குறிப்பு. தண்டவாளத்தில் கொல்லப்பட்ட ஒரு நாய்க்காகப் பாடப்படும் ஒப்பாரி அது. ஒப்பாரிக்கு ஓர் இலக்கணம் உண்டு. இறந்தவரின் அருமைகளைச் சொல்லி, அவரோடு கழிந்த வாழ்வைச் சொல்லி, இனி யார் இருக்கிறார் என்று கேட்க வேண்டும். அந்த இலக்கணம் பிசகாமல் ஒரு நாயை மடியில் கிடத்திப் பாடும்போது, கொல்லப்பட்டது நாய் மட்டுமல்ல என்பது ஊருக்கே விளங்கிவிடுகிறது. மனிதர்களுக்காகப் பாடினால் வழக்கும் சாட்சியும் கேட்பார்கள்; நாய்க்காகப் பாடினால் யாரும் தடுக்க முடியாது. திரையிசையில் அரசியல் பேசும் பாடல்களை நிறையக் கேட்டிருக்கிறோம். துக்கத்தின் வடிவத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டே அரசியலைப் பேசிய பாடல் வேறொன்று உடனே நினைவுக்கு வரவில்லை.

அதே தொகுப்பில் 'எங்கும் புகழ் துவங்க' பாடலையும் தவறவிடாதீர்கள். ஆண்டனி தாசனோடு கல்லூர் மாரியப்பன் பாடியிருக்கிறார். ஊர்க் கூத்து மேடையில் பாடும் குரலை, அதன் கரகரப்பைச் சீவிவிடாமல் அப்படியே வைத்திருக்கிறார் இசையமைப்பாளர். கூடத்தில் பாடுகிறவருக்கும் திடலில் பாடுகிறவருக்கும் குரலை வீசும் முறை வேறு. திடலில் பாடுகிறவர் கடைசி வரிசையில் நிற்பவரை நோக்கியே பாடுவார். இந்தப் பாட்டில் அந்தத் தொலைவு கேட்கிறது.

3. '96'

அக்டோபர் முதல் வாரத்திலிருந்து இன்றுவரை என் அறையில் அதிகம் ஒலித்த தொகுப்பு இது என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. கோவிந்த் வசந்தா வயலின் கலைஞர் என்பதால், பாடல்களில் குரல் நிற்கும் இடங்களிலெல்லாம் வில்லின் மூச்சு கேட்கிறது. 'காதலே காதலே' எத்தனை எளிய பாட்டு! இசைக்கருவிகள் குரலை முந்திக்கொண்டு போக முயலாமல் காத்திருக்கின்றன.

ஆனால் நான் பேச விரும்புவது தொகுப்பில் இல்லாத ஒரு பாட்டைப் பற்றி. பள்ளிக் காலத்தில் ராம் எத்தனை முறை கேட்டும் ஜானு பாடாமல் தவிர்த்த பாட்டு, 'தளபதி'யில் இடம்பெற்ற 'யமுனை ஆற்றிலே'. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, மின்சாரம் போன அறையில், பக்கவாத்தியம் ஏதுமின்றி அவள் அதைப் பாடுகிறாள். அவன் விளக்கைத் தேடித் தடுமாறுகிறான். கேட்டபோது கிடைக்காமல் போன பாட்டு எத்தனை பெரிதாக ஒரு மனிதனுக்குள் வளர்ந்திருக்கும் என்பதை அந்த ஓரிரு நிமிடங்கள் காட்டிவிடுகின்றன. பாட மறுப்பதும் பாட்டின் வரலாற்றில் ஒரு பகுதி என்று அப்போதுதான் முதன்முறையாகக் குறித்துவைத்தேன்.

ஜானுவுக்குப் பாடியவர் சின்மயி, பேசியவரும் அவரே. படம் வெளியான அதே மாதத்தில் அவர் 'மீ டூ' இயக்கத்தை ஒட்டி வெளிப்படையாகப் பேசினார். நவம்பரில் டப்பிங் கலைஞர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. சந்தா நிலுவையே காரணம் என்று சங்கம் கூறியது. தேநீர்க்கடை, பேருந்து, திருமண வீடு எங்கும் அந்தக் குரல் ஒலித்துக்கொண்டிருந்த வாரங்களில், அந்தக் குரலுக்குரியவரின் பெயர் ஒரு பதிவேட்டில் இல்லாமல் போயிற்று. பின்னொரு காலத்தில் 2018ஆம் ஆண்டின் தமிழ் இசையைப் பற்றி யாரேனும் ஆய்வு செய்தால் இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

4. 'மேற்குத் தொடர்ச்சி மலை'

லெனின் பாரதியின் இப்படத்துக்கு இளையராஜா செய்த இசையைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பாடல்கள் குறைவு என்பது அவர் தயக்கம். நான் சேர்ப்பதற்குக் காரணமே அதுதான். துண்டு நிலம் வாங்க ஆயுள் முழுதும் சுமை தூக்கும் ஒரு மனிதனின் கதை அது. மலையேறுகிறவனின் மூச்சும் காற்றும் ஏலக்காய் மூட்டையின் உராய்வும் கேட்க வேண்டிய இடங்களில் இசை ஒதுங்கி நிற்கிறது. பண்ணைப்புரத்தில் பிறந்து அந்த மலையடிவாரத்தை அறிந்தவர் அவர். எங்கே இசைக்க வேண்டாம் என்பதை அறிந்த முதிர்ச்சியை இதில் கேட்டேன்.

5. ஜான் கோல்ட்ரேன்: ஐம்பத்தைந்து ஆண்டு தாமதம்

தமிழ்நாட்டை விட்டுச் சற்றுத் தொலைவு போகிறேன். ஜூன் 29 அன்று 'போத் டைரக்‌ஷன்ஸ் அட் ஒன்ஸ்' என்ற ஜாஸ் தொகுப்பு வெளியானது. சாக்ஸபோன் கலைஞர் கோல்ட்ரேன், மெக்காய் டைனர், ஜிம்மி கேரிசன், எல்வின் ஜோன்ஸ் ஆகியோருடன் நியூ ஜெர்சியில் வேன் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1963 மார்ச் 6 அன்று வாசித்தது. வாசித்தவர் 1967இல் இறந்துவிட்டார். மூல ஒலிநாடா காணாமல் போயிற்று. வீட்டில் போட்டுக் கேட்பதற்காக அவர் எடுத்துப்போன படி ஒன்று, முதல் மனைவி நைமாவின் குடும்பத்தாரிடம் இருந்தது. அதிலிருந்தே இந்தத் தொகுப்பு உருவாகியிருக்கிறது. இதை எந்த ஆண்டின் இசை என்பது? வாசித்த ஆண்டா, வெளிவந்த ஆண்டா? நான் தயங்காமல் 2018 என்பேன். பாட்டு தன் கேட்பவரைச் சேரும் நாளே அதன் பிறந்தநாள்.

ஆவணக் காப்பகங்களில் உழல்கிற நண்பர்களுக்கு இன்னொரு சுவையான செய்தி. இதிலுள்ள இரண்டு இசைத்துண்டுகளுக்குப் பெயரே கிடையாது. கோல்ட்ரேன் பெயரிடவில்லை, அல்லது இட்ட பெயர் நம்மிடம் வந்து சேரவில்லை. அதனால் 11383, 11386 என்ற ஒலிப்பதிவு எண்களையே தலைப்பாக அச்சிட்டிருக்கிறார்கள். கௌஹர் ஜானிடம் பெயரைக் கேட்டு வாங்கிய அதே தொழில்முறை, இங்கே எண்ணை மட்டும் காப்பாற்றித் தந்திருக்கிறது. 11383ஐ முதலில் கேளுங்கள். சொப்ரானோ சாக்ஸபோன் தயங்கித் தயங்கி வழி கண்டுபிடித்துக்கொண்டு போவதைக் கேட்கலாம். ஆய்வேட்டின் முடியாத இயலோடு மல்லுக்கட்டும் இரவுகளுக்கு ஏற்ற துணை.

6. அன்னபூர்ணா தேவி

அக்டோபர் 13 அன்று மும்பையில் அன்னபூர்ணா தேவி காலமானார். மைஹர் மரபின் தலைமகன் அலாவுதீன் கானின் மகள், சுர்பகார் கலைஞர். நிகில் பானர்ஜியும் ஹரிபிரசாத் சௌரசியாவும் அவரிடம் கற்றவர்கள். 1950களிலேயே பொதுமேடையை விட்டு விலகிய அவர், பிறகு அறுபதாண்டுக்கு மேல் நான்கு சுவர்களுக்குள் வாசித்தார், கற்பித்தார். வந்து கற்றவர்கள் உலகெங்கும் வாசித்தார்கள்.

அவர் வாசித்த சில பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவர் விரும்பி வெளியிட்டவை அல்ல அவை. எப்போதோ யாரோ பதிந்து, கை மாறி வந்தவை. மாஞ்ச் கமாஜ் ராகத்தில் ஒரு பதிவு உண்டு. இரைச்சலுக்கு நடுவே, சுர்பகாரின் கனத்த தந்தி ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இழுபட்டுச் செல்வது நீர்நிலையின் அடியிலிருந்து எழுவதுபோல் கேட்கும். அவர் இறந்த வாரத்தில் அதைக் கேட்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். கேட்க வேண்டாம் என்று முடிவுசெய்தவரின் கதவில் காது வைப்பது போலிருந்தது. இரண்டு நாள் கழித்து முழுவதும் கேட்டேன். இரண்டு செயலுக்கும் என்னிடம் நியாயம் இருக்கிறது. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

7. எந்தத் தொகுப்பிலும் இல்லாதது

இவ்வாண்டு நான் கேட்டவற்றுள் மிகச் சிறந்த பாட்டு இணையத்தில் கிடைக்காது. ஆனி மாதத்தில், சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில், என் அப்பத்தா இறந்துபோனார்.

அப்பத்தா ஒப்பாரியில் பேர்பெற்றவர். பக்கத்து ஊர்களில் சாவு விழுந்தாலும் ஆள் அனுப்பி அழைப்பார்கள். ஆய்வில் சேர்ந்த புதிதில் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர் முன் போய் உட்கார்ந்தேன். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழவு விழாத வீட்டுல ஒப்பாரி வைக்கச் சொல்றியே, உங்கப்பன் நல்லா இருக்க வேணாமா?" என்றார். வேண்டுமானால் தாலாட்டுப் பாடுகிறேன், நடவுப் பாட்டுப் பாடுகிறேன் என்றார். பாடவும் செய்தார், அவை என்னிடம் இருக்கின்றன. ஒப்பாரியை மட்டும் கடைசிவரை தரவில்லை. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் பலரும் களத்தில் எதிர்கொண்ட தடை இது. ஒப்பாரி சாவைக் கூப்பிடும் என்பது பெண்களின் நம்பிக்கை. ஆனால் அப்பத்தாவின் குரலில் நம்பிக்கையைவிட உரிமைதான் அதிகம் ஒலித்தது. எது எங்கே பாடப்பட வேண்டும் என்று தீர்மானிப்பது பாடுகிறவள். கருவி வைத்திருப்பவள் அல்ல.

அவர் இறந்த அன்று பத்துப் பன்னிரண்டு பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக அமர்ந்து பாடினார்கள். களையெடுக்கப் போன காடுகளின் பெயர்கள் வந்தன. கூலி தராமல் ஏய்த்தவரை அவர் தெருவில் நிறுத்திக் கேட்ட கதை வந்தது. பெற்று இழந்த இரண்டு பிள்ளைகளின் பெயர்கள் வந்தன. அந்தப் பெயர்களை நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் குடும்பத்தின் எந்தத் தாளிலும் அவை இல்லை. சித்தப்பா மகன் என் காதருகே வந்து, "நீதான இதெல்லாம் படிக்கிறவ, எடுத்து வையேன்க்கா" என்றான். கைப்பேசி கையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தேன்.

என்னுள் இருக்கும் வரலாற்று மாணவி இதை எளிதில் ஏற்கமாட்டாள் என்பது தெரியும். கீழ்ப்பாக்கத்து மேடையைக் கொண்டாடிவிட்டு, கோல்ட்ரேனின் ஒலிநாடா பிழைத்ததற்கு மகிழ்ந்துவிட்டு, சொந்த வீட்டில் நடந்ததைப் பதியாமல் விடுவது முரண் அல்லவா? அல்ல என்பதே நான் இந்த ஆண்டில் வந்துசேர்ந்த முடிவு. பதிவாகாத குரல்களை நம் ஆய்வுகளில் ஒரே சொல்லால், 'இடைவெளி' என்று எழுதிவிடுகிறோம். அவை ஒரே வகை அல்ல. கருவியை யாரும் கொண்டுபோகாததால் பதிவாகாதவை உண்டு. அது அநீதி, ஈடுசெய்யப்பட வேண்டியது. பதிந்த பிறகு தொலைந்தவை உண்டு. அது விபத்து, தேடப்பட வேண்டியது. பாடியவரே தர மறுத்தவை உண்டு. அது முடிவு, மதிக்கப்பட வேண்டியது. மூன்றாவதை முதலாவதாக நினைத்துக்கொண்டு மீட்கப் புறப்படுவதில் ஒரு வன்முறை இருக்கிறது. அன்னபூர்ணா தேவிக்கு 'முடிவு' என்ற சொல்லை எளிதாக வழங்குகிறோம். களையெடுக்கப் போன ஒரு கிழவி மறுத்தால், அறியாமை என்கிறோம். இந்த வேறுபாட்டை என் ஆய்வேட்டில் எழுத வேண்டும். அந்த இரண்டு பிள்ளைகளின் பெயர்களை மட்டும் என் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். பெயரைச் சொல்லத்தானே அந்தப் பெண்கள் பாடினார்கள்.

நேரம் குறைவாக உள்ளவர்களுக்குச் சுருக்கமாக ஒரு வரிசை: 'கோட்டா', 'கருப்பி', 'எங்கும் புகழ் துவங்க', 'காதலே காதலே', கோல்ட்ரேனின் 11383. ஒரு மணி நேரத்துக்குள் கேட்டு முடிக்கலாம். காதொலிப்பான் வேண்டாம், அறையில் இன்னொருவரும் இருக்கும்போது கேளுங்கள்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பாடத் தெரிந்த மூத்தவர்கள் இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். பதியலாமா என்று கேளுங்கள். சரி என்றால் அவர்கள் பெயர், ஊர், நாள் மூன்றையும் அவர்கள் குரலிலேயே முதலில் சொல்லவையுங்கள். வேண்டாம் என்றால் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, எழுந்து போய்விடாமல், அங்கேயே உட்கார்ந்து கேளுங்கள்.